உங்கள் எஸ்ஐபி பணம் யார் பெயரில் இருக்கிறது? மியூச்சுவல் ஃபண்ட் டிரஸ்டியும் அவரது கடமைகளும்

சம்பளம் வந்து நாலு நாள் ஆகியிருக்காது. "உங்கள் கணக்கிலிருந்து ரூ.5,000 எடுக்கப்பட்டது" என்று ஒரு எஸ்எம்எஸ். எஸ்ஐபி போய்விட்டது. சரி, எங்கே போனது?

இந்தக் கேள்விக்குப் பலர் சொல்லும் பதில், அவர்கள் பயன்படுத்தும் ஆப்பின் பெயர். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஃபண்ட் நிறுவனத்தின் பெயரைச் சொல்வார்கள். இரண்டுமே சரியில்லை. ஆப் என்பது பணம் போகும் வழி மட்டும்தான். ஃபண்ட் நிறுவனம், அதாவது ஏஎம்சி, கட்டணம் வாங்கிக்கொண்டு பணத்தை நிர்வகிக்கும் மேனேஜர். உங்கள் பணத்தை வைத்து வாங்கிய பங்குகளும் கடன் பத்திரங்களும் சட்டப்படி ஒரு டிரஸ்டின் சொத்து. அந்தச் சொத்தைப் பொறுப்பேற்று வைத்திருப்பவர் டிரஸ்டி. நீங்கள் அந்த டிரஸ்டின் பயனாளி.

இந்தியாவில் இருக்கும் எல்லா மியூச்சுவல் ஃபண்டும் இந்திய டிரஸ்ட் சட்டம், 1882-இன் கீழ் அமைக்கப்பட்ட டிரஸ்ட்தான். செபியின் 1996-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அப்படித்தான் அமைக்கச் சொல்லின. எனவே முதல் எஸ்ஐபி போட்ட நாளிலேயே, 140 வருடப் பழைய சட்டம் ஒன்று உங்களுக்காக ஒருவர் தலையில் சில கடமைகளை ஏற்றிவிட்டது. அவை என்ன என்று தெரிந்துகொள்ளாமலேயே நம்மில் பெரும்பாலானோர் பத்து, பதினைந்து வருடம் பணம் போடுகிறோம்.

இன்ஜினியரிங் காலேஜ் டிரஸ்ட் வேறு, இது வேறு

'டிரஸ்ட்' என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காலேஜ், கோயில், அன்னதானம். அவை பொது அறக்கட்டளைகள். 1882 சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது. சட்டத்தின் தொடக்கத்திலேயே பொது மற்றும் மத அறக்கட்டளைகளை விலக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம் தனியாக இருக்கிறது. நாம் பேசுவது தனியார் டிரஸ்ட் பற்றி.

அதன் அடிப்படை எளிது. துபாய்க்கு வேலைக்குப் போகும் ஒருவர், "இந்த 10 லட்சம் என் பொண்ணு படிப்புக்கு, நீ வெச்சுப் பார்த்துக்கோ" என்று தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். பணம் தம்பி பெயரில் வங்கியில் இருக்கும். செக்கில் கையெழுத்து போடுபவரும் தம்பிதான். ஆனாலும் அது அவர் செலவழிக்கக்கூடிய பணம் இல்லை. அண்ணன் டிரஸ்டை உருவாக்கியவர், தம்பி டிரஸ்டி, பெண் பயனாளி. சட்டத்தின் 3-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது: டிரஸ்ட் என்பது ஒரு சொத்தின் உரிமையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கடப்பாடு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த ஏற்பாடு பிறந்த இங்கிலாந்தில், ஒரே சொத்துக்கு இரண்டு உரிமையாளர்கள் உண்டு என்று கருதுவார்கள். சட்ட நீதிமன்றத்தின் பார்வையில் டிரஸ்டி உரிமையாளர். 'ஈக்விட்டி' எனப்படும் நியாய முறைமையைக் கடைப்பிடித்த சான்சரி நீதிமன்றத்தின் பார்வையில் பயனாளி உரிமையாளர். (ஷேர் மார்க்கெட்டில் சொல்லும் ஈக்விட்டியும் இதுவும் ஒன்றல்ல.) இந்தியச் சட்டம் இந்த இரட்டை உரிமையை ஏற்கவில்லை. இங்கே உரிமையாளர் ஒருவர்தான், அவர் டிரஸ்டி. பயனாளிக்கு இருப்பது, டிரஸ்டியைக் கடமையைச் செய்ய வைக்கும் உரிமை. எனவே ஒரு பயனாளியின் நிலை எவ்வளவு பலமானது என்பது, அந்த டிரஸ்டியின் கடமைகள் எவ்வளவு கடுமையானவை என்பதைப் பொறுத்தது.

கடமைகள் எவ்வளவு கடுமை?

1726-இல் லண்டன் சான்சரி நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கீச் எதிர் சாண்ட்ஃபோர்ட். லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த ரோம்ஃபோர்ட் சந்தையின் வருமானத்துக்கான குத்தகையை, ஒரு சிறுவனுக்காக ஒரு டிரஸ்டி வைத்திருந்தார். குத்தகைக் காலம் முடியும் நேரத்தில், சிறுவனுக்காகப் புதுப்பித்துத் தாருங்கள் என்று கேட்டார். நில உரிமையாளர் மறுத்துவிட்டார். சின்னப் பையனிடம் குத்தகைப் பணத்தை எப்படி வசூலிப்பது என்பது அவர் கவலை. சரி, எனக்கே கொடுங்கள் என்று டிரஸ்டி தன் பெயரில் வாங்கிக்கொண்டார்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? சிறுவனுக்கு எப்படியும் அந்தக் குத்தகை கிடைத்திருக்காது. டிரஸ்டி ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் நீதிபதி கிங் பிரபு, குத்தகையையும் அதில் வந்த லாபத்தையும் சிறுவனிடமே ஒப்படைக்கச் சொன்னார். உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்தக் குத்தகையை எடுத்திருக்கலாம், இந்த ஒருவர் மட்டும் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். காரணம் நடைமுறை சார்ந்தது. புதுப்பிக்க முடியாமல் போனால் டிரஸ்டியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை அனுமதித்துவிட்டால், பிறகு எந்த டிரஸ்டியும் பயனாளிக்காகப் புதுப்பிக்க மெனக்கெட மாட்டார்.

அந்தக் கண்டிப்பு நம் 1882 சட்டத்துக்கும் வந்தது. டிரஸ்ட் சொத்தைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 51. பிரிவு 88 இன்னும் அகலமானது. டிரஸ்டி, பங்குதாரர், ஏஜென்ட், கம்பெனி இயக்குநர், வக்கீல் என்று அடுத்தவர் நம்பிக்கையைப் பெற்ற இடத்தில் இருப்பவர், அந்த இடத்தைப் பயன்படுத்தி எதையாவது சம்பாதித்தால், அதை நம்பியவருக்கே கொடுக்க வேண்டும். 'ஃபிடூஷியரி' என்று வக்கீல்கள் சொல்வது இந்த உறவைத்தான்.

நமக்கு முக்கியமான இன்னும் இரண்டு பிரிவுகள் உண்டு. பிரிவு 15: சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தச் சொத்தைக் கவனிப்பதுபோல டிரஸ்டி கவனிக்க வேண்டும். அப்படிக் கவனித்தும் நஷ்டம் வந்தால், அதற்கு அவர் பொறுப்பல்ல. மார்க்கெட் விழுந்து உங்கள் என்ஏவி இறங்கினால் டிரஸ்டியிடம் கேட்க முடியாதது இதனால்தான். பிரிவு 17: பயனாளிகள் பலர் இருந்தால், ஒருவருக்காக இன்னொருவரைப் பாதிக்கும்படி நடக்காமல் நடுநிலையாக இருக்க வேண்டும். கேட்க சாதுவாகத் தெரியும் இந்தப் பிரிவின் எடை 2020-இல் தெரிந்தது. அதற்கு வருவோம்.

வங்கி எஃப்டியோடு ஒப்பிட்டால்

வங்கியில் போடும் பணம் டிரஸ்ட் அல்ல. எஃப்டி போட்ட நிமிடம் அந்தப் பணம் வங்கியுடையது. வங்கி உங்களுக்குக் கடனாளி, அவ்வளவுதான். வங்கி திவாலானால் நீங்கள் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்பீர்கள். அதனால்தான் டெபாசிட் காப்பீடு வைத்திருக்கிறார்கள். 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை.

மியூச்சுவல் ஃபண்டுக்கு அந்தக் காப்பீடு இல்லை. பதிலுக்கு, சொத்து பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஏஎம்சி நொடித்துப்போனாலும், அதற்குக் கடன் கொடுத்தவர்கள் உங்கள் திட்டத்தின் பங்குகளில் கை வைக்க முடியாது. பத்திரங்களைப் பாதுகாக்கத் தனியாக ஒரு கஸ்டோடியன் இருக்கிறார்.

இந்தப் பிரிப்பு சரியாக இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு கார்வி புரோக்கிங் உதாரணம். வாடிக்கையாளர்களின் பங்குகளை அடமானம் வைத்து அந்த நிறுவனம் கடன் வாங்கியதைக் கண்டு, 2019 நவம்பர் 22 அன்று செபி இடைக்கால உத்தரவு போட்டது. அடமானத்தில் இருந்த பங்குகளின் மதிப்பு 2,000 கோடி ரூபாய்க்கு மேல். பங்குகளை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததை எதிர்த்து, கடன் கொடுத்த வங்கிகள் வழக்குக்குப் போயின. கார்வி ஒரு புரோக்கர். உங்கள் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்களுக்கு இந்த ஆபத்து குறைவாக இருப்பதற்குக் காரணம், நடுவில் டிரஸ்டியும் கஸ்டோடியனும் இருப்பதுதான்.

2020 ஏப்ரல் 23: ஆறு திட்டங்கள் மூடப்பட்ட நாள்

லாக்டவுன் தொடங்கி ஒரு மாதம். அன்று இரவு ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் மியூச்சுவல் ஃபண்ட் ஆறு கடன் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட முதலீட்டாளர்களின் 25,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒரே அறிவிப்பில் முடங்கியது. அவற்றில் ஒன்று அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட். 'சேவிங்ஸ் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தை இதில் போட்டு வைக்கலாம்' என்று பலர் நினைத்துப் போட்ட ரகம். வேலை போய், ஆஸ்பத்திரி பயம் வீட்டு வாசலில் நின்ற நேரத்தில், அந்தப் பணத்தைத்தான் எடுக்க முடியாமல் போனது.

என்ன நடந்தது? இந்தத் திட்டங்கள் கூடுதல் வட்டிக்காக, தரவரிசையில் உச்சத்தில் இல்லாத நிறுவனங்களின் கடன் பத்திரங்களில் நிறையப் போட்டிருந்தன. சாதாரண நாளிலேயே அவற்றை விற்பது சுலபமில்லை. கொரோனா வந்ததும் வாங்க ஆளே இல்லை. அதே நேரத்தில் முதலீட்டாளர்கள் பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள்.

இந்த இடத்தில்தான் பிரிவு 17 சொல்லும் நடுநிலை சிக்கலாகிறது. திட்டத்தைத் திறந்தே வைத்திருந்தால், முதலில் வெளியேறுபவர்களுக்கு நல்ல பத்திரங்களை விற்றோ கடன் வாங்கியோ முழுப்பணம் கொடுக்கலாம். கடைசியில் மிஞ்சுபவர்களுக்கு விற்க முடியாத பத்திரங்களும் வங்கிக் கடனும்தான் மிச்சம். மூடிவிட்டால் எல்லோருக்கும் ஒரே கதி, ஆனால் அவசரத்துக்குப் பணம் இல்லை. இந்த இரண்டில் எது நியாயம்? எனக்குத் தெரிந்து, மூடியதற்கு ஒரு நேர்மையான வாதம் இருக்கிறது. ஆனால் வழக்கு அந்த முடிவு சரியா தவறா என்பதோடு நிற்கவில்லை. எங்களைக் கேட்டீர்களா என்று முதலீட்டாளர்கள் கேட்டார்கள்.

1996 ஒழுங்குமுறைகளில் இரண்டு விதிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. 39-வது விதி, டிரஸ்டிகள் அவசியம் என்று கருதினால் திட்டத்தை மூடலாம் என்றது. 18-வது விதியின் ஓர் உட்பிரிவோ, டிரஸ்டிகளில் பெரும்பான்மையினர் மூட முடிவெடுத்தால் யூனிட் வைத்திருப்போரின் சம்மதத்தைப் பெற வேண்டும் என்றது. முதல் விதியே போதும் என்பது டிரஸ்டி நிறுவனத்தின் வாதம். முதலீட்டாளர்கள் பல நீதிமன்றங்களுக்குப் போனார்கள். சென்னையைச் சேர்ந்த சென்னை ஃபைனான்ஷியல் மார்க்கெட்ஸ் அண்ட் அக்கவுன்டபிலிட்டி என்ற அமைப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. எல்லா வழக்குகளையும் ஒரே இடத்தில் விசாரிக்க, உச்ச நீதிமன்றம் அவற்றைக் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அந்த நீதிமன்றம் 2020 அக்டோபர் 24 அன்று சொன்னது: சம்மதம் இல்லாமல் மூட முடியாது.

விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. அதன் அனுமதியோடு டிசம்பர் கடைசி வாரத்தில் ஆன்லைன் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மூடுவதற்கு ஆதரவு. (எட்டு மாதம் பணம் முடங்கிய பிறகு வேறு எதற்கு வாக்களிப்பார்கள் என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.) பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலை எஸ்பிஐ ஃபண்ட்ஸ் மேனேஜ்மென்டிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் தவணையாக 9,122 கோடி ரூபாய், 2021 பிப்ரவரியில். அதாவது மூடி பத்து மாதம் கழித்து.

2021 ஜூலை 14 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தது. டிரஸ்டிகள் முடிவெடுக்கலாம், காரணங்களைச் சொல்லி அறிவிப்பு வெளியிடலாம். ஆனால் அதன் பிறகு யூனிட் வைத்திருப்போரின் சம்மதம் கட்டாயம். அது எல்லோருடைய சம்மதமும் அல்ல. பங்கேற்று வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். நிபுணர் என்பதால் டிரஸ்டி எல்லாவற்றையும் தானே முடித்துவிட முடியாது என்பது இதிலிருந்து நமக்குக் கிடைப்பது.

இதையடுத்து செபி விதியைத் தெளிவாக மாற்றியது. மூடும் அறிவிப்பு வெளியான 45 நாளுக்குள் வாக்கெடுப்பு முடிவு வர வேண்டும். ஒரு யூனிட்டுக்கு ஒரு ஓட்டு. பெரும்பான்மை கிடைக்காவிட்டால் திட்டத்தை மீண்டும் திறக்க வேண்டும்.

பணம் என்ன ஆனது? ஆறு திட்டங்களும் சேர்த்துப் பார்த்தால், மூடிய நாளின் மதிப்பைவிடக் கூடுதலாகவே திரும்பி வந்தது. 'அப்புறம் என்ன பிரச்சினை' என்று இதை வைத்துச் சொல்பவர்கள் உண்டு. ரோம்ஃபோர்ட் சந்தைச் சிறுவனுக்கும் நஷ்டம் எதுவும் வரவில்லை என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்தலாம். ஃபிடூஷியரி கடமை மீறப்பட்டதா என்று பார்க்கும்போது, கடைசியில் வந்த தொகை மட்டுமே அளவுகோல் ஆகாது. 2021 ஜூனில் செபி டிரஸ்டி நிறுவனத்துக்கு 3 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விவகாரம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது.

இன்னொரு மாற்றமும் இந்த விவகாரத்தோடு தொடர்புடையது. திட்டங்கள் மூடப்படுவதற்கு முன்பே உள்ளே இருந்த சிலர் தங்கள் யூனிட்களை விற்றுவிட்டார்களா என்ற கேள்வி எழுந்தது. அப்போது உள்வர்த்தகத் தடை விதிகள் மியூச்சுவல் ஃபண்ட் யூனிட்களுக்குப் பொருந்தவில்லை. செபி அந்த விதிகளைத் திருத்தி, 2024 நவம்பர் 1 முதல் யூனிட்களையும் அவற்றுக்குள் கொண்டுவந்தது.

உங்களுக்கு ஃபண்ட் விற்றவருக்கு இந்தக் கடமை உண்டா?

பெரும்பாலும் இல்லை. 'அட்வைசர்' என்று விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளும் எல்லோரும் ஒரே சட்ட நிலையில் இல்லை.

செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர், 2013-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி உங்களுக்கு ஃபிடூஷியரி. உங்கள் நலனை முன்னே வைக்க வேண்டும், முரண்படும் நலன் இருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அவருக்குச் சம்பளம் உங்களிடமிருந்து வருகிறது. விநியோகஸ்தர் அப்படியல்ல. வங்கியில் "சார், ஒரு நல்ல ஸ்கீம் வந்திருக்கு" என்று போன் செய்யும் ரிலேஷன்ஷிப் மேனேஜர் பொதுவாக இந்த ரகம்தான். உங்களுக்குப் பொருந்தாததைத் தள்ளிவிடக் கூடாது என்ற விதிகள் அவருக்கும் உண்டு. ஆனால் அவருக்குக் கமிஷன் கொடுப்பது ஏஎம்சி. நீங்கள் முதலீட்டை வைத்திருக்கும் வரை வருடா வருடம் கொடுக்கும். அந்தச் செலவு 'ரெகுலர்' பிளானின் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் கிடைக்கும் 'டைரக்ட்' பிளானில் அது இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் 10,000 ரூபாய், 20 வருடம். நீங்கள் போடுவது 24 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 98.9 லட்சம். கமிஷனால் அதில் 1 சதவீதம் குறைந்து 11 ஆனால் சுமார் 86.6 லட்சம். வித்தியாசம் 12 லட்சத்துக்கும் மேல். (12 சதவீதம் வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, இது வித்தியாசத்தைக் காட்டுவதற்கான கணக்கு மட்டுமே.) நல்ல விநியோகஸ்தர், மார்க்கெட் விழும்போது உங்களைப் பதறாமல் பிடித்து வைத்திருந்தால் அந்தப் பணத்துக்கு மதிப்பு உண்டு. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

டிரஸ்டியை எங்கே பார்ப்பது?

டிரஸ்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஸ்பான்சருடன் தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்பது 1996 ஒழுங்குமுறைகளின் நிபந்தனை. அவர்கள் யார் என்பது, ஏஎம்சி இணையதளத்தில் இருக்கும் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் அடிஷனல் இன்ஃபர்மேஷன்' என்ற நீளமான ஆவணத்தில் இருக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். டிரஸ்டிகள் பக்கத்தைத் திறந்து, பெயர்களையும் அவர்கள் பின்னணியையும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கடன் திட்டத்தில் பணம் இருந்தால் மாதாந்திர போர்ட்ஃபோலியோவையும் பாருங்கள். எந்த நிறுவனத்தின் பத்திரம், என்ன தரவரிசை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த ஆறு திட்டங்களின் பத்திரங்களும் ரகசியமாக இருக்கவில்லை, மாதாமாதம் வெளியிடப்பட்டவைதான்.

அப்புறம் அந்த மெயில். 'திட்டத்தின் அடிப்படைப் பண்புகளில் மாற்றம்' என்ற தலைப்பில் வரும், நாம் படிக்காமலேயே ஆர்கைவ் செய்யும் மெயில். முதலீட்டு நோக்கம் போன்ற அடிப்படை விஷயத்தை மாற்றினால், டிரஸ்டி அதை உங்களுக்கு எழுத்தில் தெரிவித்து, எக்ஸிட் லோட் இல்லாமல் வெளியேற அவகாசம் தர வேண்டும். வழக்கமாக அது 30 நாள். அந்த நாள்கள் போய்விட்டால், வழக்கமான எக்ஸிட் லோட் உண்டு.

புகார் இருந்தால் முதலில் ஏஎம்சியிடம் எழுதுங்கள், டிரஸ்டி நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் பதியலாம். அங்கே நிறுவனம் 21 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற ஆன்லைன் தளத்தில் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் போகலாம். எழுதும்போது நஷ்டக் கணக்கோடு நிறுத்திவிடாமல், எந்தத் தேதியில் எந்தத் தகவலைத் தரவில்லை, எந்தச் சம்மதத்தைக் கேட்கவில்லை என்பதையும் குறிப்பிடுங்கள்.